கடைமடையில் ஒரு திமிங்கலம்

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. 1955இல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. 92 அடி நீளம் என்று சொல்கிறார்கள். சோழர் காலத்து வெண்கலச் சிலைகளைப் பார்க்க வருகிறவர்களும் சரசுவதி மகாலுக்கு வருகிறவர்களும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா வரும் பிள்ளைகள் நகர மாட்டார்கள். விலா எலும்புகளை எண்ணுவார்கள். தாடையின் அளவைக் கை விரித்துக் காட்டுவார்கள். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, நான்கு பக்கமும் வயல் சூழ்ந்த ஊரில், இவ்வளவு பெரிய உடம்பு எப்படி வந்து கிடக்கிறது என்பதே அவர்களுக்கு முதல் வியப்பு. அடுத்து வரும் கேள்வி: "இது எப்படிச் செத்துச்சு?"

பதிலைப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு பிள்ளையே சொல்லிவிடும்: "பிளாஸ்டிக் தின்னுருக்கும்."

1955இல் இந்தக் கரையோரத்தில் பிளாஸ்டிக் பையைக் கண்டவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். மளிகைக்கடையில் காகிதப் பொட்டலம், சந்தைக்குத் துணிப்பை, நெல்லுக்குச் சணல் சாக்கு. அந்தத் திமிங்கலம் வேறு எதனாலோ செத்தது. ஆனாலும் பிள்ளையின் பதிலைத் தப்பு என்று தள்ள மனம் வரவில்லை. செத்த திமிங்கலம் என்றதும் ஓர் எட்டு வயதுப் பிள்ளைக்கு முதலில் பிளாஸ்டிக் நினைவுக்கு வருகிற காலம் இது. அதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாடப்புத்தகத்தைவிட கார்ட்டூன் படங்களுக்குப் பங்கு அதிகம்.

அந்தப் படங்களை நான் மதிக்கிறேன். 1940இல் வந்த டிஸ்னியின் 'பினோக்கியோ'வில் திமிங்கலம் ஓர் அரக்கன். கப்பலோடு மனிதனை விழுங்குகிறது. பிறகு 1970இல் ரோஜர் பெய்ன் கூன்முதுகுத் திமிங்கலங்களின் பாட்டைப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டார். உலகம் காது கொடுத்துக் கேட்டது. 1979இல் இந்தியப் பெருங்கடலே திமிங்கலங்களுக்கான சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. 1982இல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த முடிவெடுத்தது. இந்த மனமாற்றம் பிள்ளைகளின் படங்களிலும் இறங்கியது. 2006இல் வந்த 'ஹேப்பி ஃபீட்'டில் ஒரு பென்குயினின் கழுத்தைப் பிளாஸ்டிக் வளையம் இறுக்குகிறது. 2008இல் மியாசாகி எடுத்த 'பொன்யோ'வில் கடலடியைச் சுரண்டிக்கொண்டு வரும் வலையில் மீனைவிடக் குப்பை அதிகம். குட்டி மீன் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் சிக்கித் தவிக்கிறது. மனிதனை விழுங்கும் மிருகமாக இருந்த திமிங்கலம், மனிதன் போட்டதை விழுங்கிச் சாகும் உயிராக மாறியது ஓர் ஆயுள்காலத்துக்குள் நடந்திருக்கிறது. சட்டத்தால் மட்டும் இது ஆகியிருக்காது. பிள்ளைகள் அழுததும் ஒரு காரணம்.

ஆனால் இந்த வகைப் படங்களில் குப்பை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான். ஒரு கப்பல், அல்லது பேராசை பிடித்த ஒரு முதலாளி, அல்லது பெயர் இல்லாத ஒரு பெருநகரம். கெட்டவனைத் துரத்தியதும் கடல் தெளிந்துவிடுகிறது. வடுவூரிலோ திருவையாற்றிலோ உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைக்கு, கடல் வேறு யாரோ கெடுப்பது, வேறு யாரோ காப்பாற்றுவது என்று ஆகிவிடுகிறது. அதன் வீட்டு வாசலில் ஓடும் வாய்க்காலுக்கும் அந்தக் கதைக்கும் தொடர்பே இருப்பதில்லை.

தொடர்பு இருக்கிறது. நெல் நாட்டில் பிறந்தவர்கள் தவறாமல் அறிந்திருக்க வேண்டிய ஒரு சாவு உண்டு. 2019 மார்ச்சில் பிலிப்பீன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவில், மாபினி என்ற ஊரின் கரையில், இளவயது அலகுத் திமிங்கலம் ஒன்று ஒதுங்கிச் செத்தது. டாவோ நகரில் அருங்காட்சியகம் நடத்தும் டாரல் பிளாட்ச்லி அதன் வயிற்றை அறுத்துப் பார்த்தார். உள்ளே 40 கிலோ பிளாஸ்டிக். அதில் 16 அரிசிச் சாக்குகள் இருந்தன. வாழைத்தோட்டத்தில் பயன்படுத்தும் பைகளும் கடைப் பைகளும் மீதி. வயிறு நிறைந்திருந்தும் அது பட்டினியால் செத்தது, தாகத்தாலும் செத்தது. திமிங்கலம் கடல்நீரைக் குடித்து வாழ்வதில்லை. தேவையான நீரை இரையின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இரை உள்ளே போக இடம் இல்லாவிட்டால் நீரும் இல்லை. அரிசிச் சாக்கால் வயிறு நிறைந்து பட்டினியில் செத்த உயிர் என்பதைப் படித்த நாளிலிருந்து, எங்கள் பக்கத்து மில் வாசலில் அடுக்கியிருக்கும் மூட்டைகளைப் பார்க்கும்போது நெஞ்சு சுருக்கென்கிறது.

அது ஏன் சாக்கை விழுங்கியது? படங்களில் திமிங்கலத்துக்குப் பெரிய, ஈரமான கண்கள் வரைவார்கள். பையைப் பார்த்து இரை என்று ஏமாந்து வாயைத் திறக்கும். நடப்பது அதுவல்ல. அலகுத் திமிங்கலமும் எண்ணெய்த் திமிங்கலமும் வெளிச்சமே புகாத ஆழத்தில் வேட்டையாடுகிறவை. தாமே ஓர் ஒலியை எழுப்பி, எதிரே உள்ளதில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துக் கணவாயைக் கண்டுபிடிக்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2024இல் வெளியிட்ட ஆய்வில், கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக் பைகளையும் செத்த கணவாய்களையும் தண்ணீருக்குள் இறக்கி எதிரொலியை அளந்தார்கள். பிளாஸ்டிக்கின் எதிரொலி இரையின் எதிரொலியோடு ஒத்துப்போனது, சிலவற்றில் அதைவிட ஓங்கியும் இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பிசகாத ஒரு செவியை ஒரு பை ஏமாற்றுகிறது. முட்டாள்தனமாகத் தின்றது என்று அந்த உயிரின் மேல் பழி போட இடமே இல்லை.

இப்போது அந்தச் சாக்கை நம் ஊரில் பார்ப்போம். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் இன்றும் 40 கிலோ பிடிக்கும் சணல் சாக்குதான். மற்ற பெரும்பாலான இடங்களில் பிளாஸ்டிக் நூலில் நெய்த சாக்கு வந்துவிட்டது. அரிசி அதில்தான் வருகிறது, யூரியாவும் டிஏபியும் அதில்தான் வருகின்றன, மாட்டுத் தீவனமும் அதில்தான். காலியான யூரியா சாக்கைப் போல உதவியான பொருள் கிராமத்து வீட்டில் வேறு இல்லை. கால் துடைக்கப் போடுவார்கள். உளுந்து காயவைப்பார்கள். கூரை ஒழுகினால் மேலே விரிப்பார்கள். ஐப்பசி கார்த்திகையில் ஆற்றங்கரை உடைப்பெடுத்தால், ஊரே கூடி மண் நிரப்பி அடைப்பதும் அந்தச் சாக்கைக் கொண்டுதான். அந்த ராத்திரியில் அது காப்பாற்றுகிற பயிரின் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதே சாக்கு கரையில் ஒரு கோடை முழுக்கக் காய்ந்த பிறகு அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரல் பட்ட இடத்தில் நூல் உதிரும். வெள்ளையாக, மெல்லிய இழைகளாக, உமிச் சிராய் போல. உதறினால் காற்றில் பறக்கும். வெயில் அதை அழிப்பதில்லை, பொடியாக்குகிறது. அடுத்த தண்ணீர் வரும்போது மண் கரைந்து வயலுக்குள் போகிறது. இழைகள் மிதந்து கீழே போகின்றன.

சாக்கு ஒன்றுதானா? இயந்திர நடவுக்குப் பாய் நாற்றங்கால் போடும்போது கீழே விரிக்கும் பாலித்தீன் தாள், பூச்சிமருந்து டப்பா, அறுவடைக் காலத்துத் தார்ப்பாய், டீக்கடைக் குவளை, ஷாம்பூ பாக்கெட். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. இரண்டும் நல்ல காரியங்கள். மஞ்சப்பையை மறுபடி கையில் பிடிக்கக் கூச்சம் போனதே பெரிய மாற்றம். ஆனால் தடையின் கண் கடைத்தெருவில் இருக்கிறது. வயல் வரப்புக்கு இன்னும் வரவில்லை.

ஜூன் மாதம் மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்காலில் நுழையும் நாளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காய்ந்து வெடித்த வாய்க்காலில் தண்ணீர் வேகமாக வராது. ஊர்ந்து வரும். அதன் தலைமாட்டில் ஒரு சுருட்டு வரும். முன்பெல்லாம் அது சருகும் நுரையும் வைக்கோலுமாக இருந்தது. இப்போது பைகளும் பாட்டில்களும் தெர்மாகோலும் அடர்ந்து, தண்ணீரே தெரியாமல் முன்னால் உருண்டு வருகின்றன. விதைநெல்லும் பூவும் தூவிக் கும்பிடுகிறவர்கள் அந்தச் சுருட்டின் மேல்தான் தூவுகிறார்கள். ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணியையும் காப்பரிசியையும் எடுத்து வரும் பையும் பல நேரம் படித்துறையிலேயே மிதக்க விடப்படுகிறது. அது மதகில் அடைத்தால் ஒருவர் கம்பால் தள்ளிவிடுவார். தண்ணீர் போகட்டும் என்றுதான் தள்ளுகிறார். அடுத்த ஊர் மதகில் இன்னொருவர். இப்படிக் கைமாறிக் கைமாறி அது கடல்வரை போகிறது.

கடைமடை என்றால் என்ன என்று டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டாம். தலைமடையில் இருப்பவர் மதகைச் சற்றுத் தாழ்த்தினால் கடைமடையில் பயிர் கருகும். அவர் வெள்ளத்தைத் திறந்துவிட்டால் கடைமடையில் பயிர் அழுகும். மேலே செய்ததெல்லாம் கீழே இருப்பவன் தலையில் விடியும். இந்த நியாயத்தைக் கேட்டுத்தான் அரை நூற்றாண்டாகக் காவிரி வழக்கு நடந்தது. 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றத்தில் 177.25 டிஎம்சி. அளவைப் பற்றிய வழக்கு மட்டும் அல்ல. சுத்திகரிக்காத கழிவுநீரைக் கர்நாடகம் காவிரியிலும் தென்பெண்ணையிலும் விடுகிறது என்று தமிழ்நாடு 2015இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நம் மாநிலத்துக்குள்ளேயும் இதே நியாயம் கேட்கப்பட்டது: நொய்யல் பாசன விவசாயிகளின் வழக்கில்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யல் காவிரியில் கலக்கிறது. அந்தச் சாயமும் உப்பும் கடைசியில் வந்து சேரும் இடங்களில் நம் வயலும் ஒன்று.

மேலிருந்து வரும் அழுக்கைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பேசத் தெரிந்த மக்கள் நாம். பூம்புகாருக்கு மேற்கே மேலையூரில் காவிரியின் கடைசிக் கதவணை இருக்கிறது. அங்கே வரைக்கும் கணக்குப் பார்க்கிறோம். கதவணைக்குக் கீழே போனது 'கடலில் வீணாகக் கலந்த' நீர் என்று எழுதிப் பழகிவிட்டோம். அந்த இடத்திலிருந்து நாம் தலைமடைக்காரர்கள் ஆகிவிடுகிறோம். கடலில் இருப்பவை நமக்குக் கடைமடை. மனு எழுத அவற்றால் முடியாது, எந்த நடுவர் மன்றத்துக்கும் போக முடியாது. பிள்ளைகளுக்கான திமிங்கலப் படம் ஒன்று டெல்டாவில் எடுக்கப்பட்டால், அது சொல்ல வேண்டியது இதைத்தான். வேறு எந்த ஊர்ப் பிள்ளையையும்விட இதை எளிதாகப் புரிந்துகொள்ளும் பிள்ளை இங்கேதான் இருக்கிறது.

பொடியான இழை எங்கே போகிறது என்பதையும் இப்போது ஓரளவு கணக்கிட்டிருக்கிறார்கள். நீலத்திமிங்கலம் பெரிய பையை விழுங்கித்தான் கெட வேண்டும் என்பதில்லை. அது வாயை அகலத் திறந்து ஒரு குளத்தளவு நீரை உள்வாங்கி, சல்லடைத் தகடுகளின் வழியே நீரைத் தள்ளிவிட்டுக் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர்களை மட்டும் விழுங்குகிறது. கலிபோர்னியாக் கடலில் செய்த ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. ஒரு நீலத்திமிங்கலம் நாளொன்றுக்கு ஒரு கோடி பிளாஸ்டிக் துகள்வரை உட்கொள்ளக்கூடும் என்று அது மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி நீரிலிருந்து நேராக வருவதில்லை. கிரில் ஏற்கெனவே தின்றிருந்த துகள்கள். இது கலிபோர்னியாவின் கணக்கு. ஆனால் இலங்கையைச் சுற்றி, திருகோணமலைக்கு எதிரிலும் தெற்கே மிரிசாவிலும், நீலத்திமிங்கலங்கள் நம் வங்கக்கடலை ஒட்டியே வாழ்கின்றன. தரங்கம்பாடியில் ஒதுங்கியதும் இந்தக் கடலின் உயிர்தான்.

காப்பாற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தின் கடைசிக் காட்சியில் ஊரே கூடித் தள்ள, திமிங்கலம் வாலை அடித்துக் கடலுக்குள் போகும். 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை முதல் மணப்பாடு வரை, குட்டைத் துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் எண்பதுக்கும் மேல் கரை ஏறின. மீனவர்கள் ராத்திரி முழுக்கத் தண்ணீருக்குள் நின்றார்கள். கையால் தள்ளினார்கள். கயிறு கட்டிப் படகில் இழுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டார்கள். பல திரும்பவும் கரைக்கே வந்தன. கூட்டத்தில் ஒன்று கரையில் கிடந்து கூப்பிட்டால் மற்றவை விட்டுப் போகாத இனம் அது. நாற்பதுக்கும் மேற்பட்டவை செத்தன. அதே கரையில் 1973 பொங்கல் நாளில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கியதை ஊர்ப் பெரியவர்கள் அப்போது நினைவுகூர்ந்தார்கள். 2016இன் சாவுக்குப் பிளாஸ்டிக் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். தள்ளியும் திரும்பி வந்த திமிங்கலத்தின் முன்னால் அந்த மீனவர்கள் மறுபடியும் தோள் கொடுத்தார்களே, அந்த இரண்டாவது தள்ளலைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். முதல் தடவையிலேயே வெற்றி பெறும் படங்கள் அதைக் காட்டுவதில்லை.

தஞ்சாவூர் மாவட்டத்துக்கும் கடற்கரை உண்டு என்பதை நகரத்துப் பிள்ளைகளே மறந்துவிடுகிறார்கள். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம். பெரிய கோயிலை ஒட்டி ஓடுகிறதே புது ஆறு, கல்லணைக் கால்வாய், அது தெற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போகிறது. அந்தப் பாசனத்தின் வடிகால்கள் எல்லாம் முடிகிற இடம் பாக் நீரிணை. அங்கே கடலடியில் புல்வெளி இருக்கிறது. அந்தப் புல்லை மேய்வது ஆவுளியா, கடல்பசு. திமிங்கலத்தைப் போலவே குட்டிக்குப் பால் கொடுக்கும் உயிர். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் சில நிமிடங்களில் மூச்சுமுட்டிச் சாகும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவே பல ஆண்டுகள் ஆகும் என்பதால் ஒன்று செத்தாலும் இழப்பு பெரிது. கலங்கிய நீரில் வெயில் இறங்காவிட்டால் புல் செத்துப்போகும். புல் போனால் ஆவுளியாவும் போகும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாடச் சரபோஜி மன்னர் கட்டிய மனோராக் கோபுரத்துக்கு எதிரே விரிந்து கிடக்கும் கடல் அது.

ஒரு காலத்தில் ஆவுளியாவை இறைச்சிக்காகப் பிடித்த கரை இது. இன்று வலையில் ஆவுளியா விழுந்தால் வலையை அறுத்து விடுகிற மீனவர்கள் அங்கே இருக்கிறார்கள். வனத்துறை அவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டிப் பரிசும் கொடுத்திருக்கிறது. சட்டத்தின் பயமும் உண்டுதான். ஆனால் நடுக்கடலில், இருட்டில், பார்க்க யாரும் இல்லாத இடத்தில் ஒருவர் கத்தியை எடுத்துத் தன் வலையையே அறுப்பதைப் பயம் ஒன்றால் விளக்கிவிட முடியாது. அந்த வலைக்கு அவர் வாங்கிய கடன் கரையில் காத்திருக்கிறது. அன்றைய மீன்பாடும் போயிற்று.

படம் எடுக்கிறவர் யாராவது கேட்டால் இங்கே வரச் சொல்வேன். புது ஆற்றங்கரையில் கிழிந்து கிடக்கும் ஒரு யூரியா சாக்கில் தொடங்கி, மதகு மதகாகத் தள்ளிவிடும் கைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, வடிகால் வழியே புல்வெளிக்குப் போகச் சொல்வேன். வலையை அறுக்கிற இடத்தோடு படத்தை முடிக்க வேண்டாம் என்பேன். அறுத்தவருக்குப் புது வலைக்கான காசு வந்ததா, யார் கொடுத்தார்கள், எத்தனை நாளில் வந்தது என்பதுவரைக்கும் போக வேண்டும். பிள்ளைகளுக்கு அது அலுக்காது. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் எப்போது வரும் என்று வீட்டில் ராத்திரி பேசுவதைக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் அவர்கள்.